கடலும் காடும் பிள்ளைகளுக்கு என்ன செய்கின்றன? திருகோணமலையில் ஆய்வு தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைகளை முகாமுக்குக் கூட்டிப்போனால் நல்ல குணம் வரும் என்று எல்லோரும் சொல்கிறோம். அதிபர் சொல்வார், சாரணர் பொறுப்பாசிரியர் சொல்வார், கடற்கரையில் வலை பொத்தும் பெரியவரும் சொல்வார். எந்தக் குணம், யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டால்தான் பதில் மங்கிப்போகிறது. அந்தப் பதிலைத் தேட விரும்பும் பல்கலைக்கழக மாணவர்கள், மேற்படிப்புக்காகச் சிறிய ஆய்வொன்று செய்ய வேண்டிய ஆசிரியர்கள், சாரணர் குழுக்களை நடத்துபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "குணம் வளர்ந்ததா?" என்ற கேள்வியைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போகாதீர்கள். இந்த ஊர் எதை நல்ல குணம் என்கிறது, அது எந்த வேலையில், எந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிறது என்று முதலில் பாருங்கள். அளப்பதும் வேறு பண்பாடுகளோடு ஒப்பிடுவதும் அதற்குப் பிறகுதான்.

படி 1: வாசியுங்கள், ஆனால் யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்டு வாசியுங்கள்

இந்தத் துறையில் எல்லாப் பாதைகளும் கேர்ட் ஹான் என்ற ஜெர்மானியக் கல்வியாளரிடம் போய்ச் சேரும். நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் 1933இல் நாட்டை விட்டு வெளியேறி, 1934இல் ஸ்கொட்லாந்தில் கோர்டன்ஸ்டவுன் பள்ளியைத் தொடங்கியவர். 1941இல் வேல்ஸ் கடற்கரையிலுள்ள அபர்டோவியில், கப்பல் நிறுவன உரிமையாளர் லோரன்ஸ் ஹோல்ட்டுடன் சேர்ந்து அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் திறந்தார். யுத்தத்தில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்ட காலம் அது. இளம் மாலுமிகள் கடலில் தாக்குப்பிடித்து உயிர்தப்ப வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த பயிற்சி. அதே யுத்தம் அடுத்த ஆண்டே நம்முடைய துறைமுகத்துக்கும் வந்தது: 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன.

இந்தப் பின்னணியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1907இல் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் சாரணர் முகாம் ஒரு பேரரசின் இராணுவ அதிகாரியின் கவலையிலிருந்து வந்தது. 1912இல் அது இலங்கைக்கும் வந்துவிட்டது. சிங்கப்பூர் 1965இல் தனிநாடானது; இரண்டே ஆண்டுகளில், 1967இல், புலாவ் உபின் தீவில் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் திறந்தது. அங்கே தேவைப்பட்டவர் உரமேறிய குடிமகன். நோர்வேயிலோ கதை வேறு. மலையிலும் காட்டிலும் ஆறுதலாக நடந்து திரிவதே அங்கே பழக்கம். யாருடைய தரிசு நிலத்திலும் நடந்து போகும் உரிமையை 1957ஆம் ஆண்டுச் சட்டமே உறுதிசெய்கிறது. சோதனையும் சவாலும் அங்கே அவ்வளவு முக்கியமில்லை. கூடாரம் ஒன்றாக இருக்கலாம், அதிலிருந்து வெளியே வர வேண்டிய மனிதர் ஒருவரல்ல. ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால், இந்த மனிதரை யார் விரும்பினார்கள், எந்த வேலைக்காக விரும்பினார்கள் என்று ஓரத்தில் எழுதி வையுங்கள்.

கோட்பாட்டுக்கு, அனுபவத்தின் வழியாகக் கற்பதைப் பற்றி ஜோன் டூயி (1938), டேவிட் கோல்ப் (1984) இருவரும் எழுதிய நூல்கள் போதும். கோல்ப் சொல்லும் சுற்று நான்கு படிகள் கொண்டது: அனுபவம், அதைத் திரும்பிப் பார்த்தல், அதிலிருந்து ஒரு பொதுக் கருத்தை எடுத்தல், அதைப் புதிதாகச் செய்து பார்த்தல். இரண்டாவது படியை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

எண்கள் வேண்டுமென்றால் ஜோன் ஹட்டியும் மற்ற மூவரும் 1997இல் வெளியிட்ட தொகுப்பாய்வைப் படியுங்கள். 96 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, முகாம் முடிவில் சராசரி விளைவளவு 0.34 என்றும், பின்தொடர்ந்து பார்த்தபோது மேலும் 0.17 கூடியிருந்தது என்றும் கண்டார்கள். 0.34 என்றால், தொடக்கத்தில் வரிசையின் நடுவில் நின்ற ஒரு பிள்ளை இப்போது அந்தப் பழைய வரிசையில் 100 பேரில் ஏறக்குறைய 63 பேரைத் தாண்டி நிற்கிறது. நல்ல விளைவுதான், அற்புதம் அல்ல. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வித்தியாசமும் மிகப் பெரியது. அந்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலம் பேசும் நாடுகளில் நடந்தவை.

எதிர்க்கருத்தையும் கட்டாயம் வாசியுங்கள். ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் 1928இல் வெளியிட்ட ஆய்வில் ஆயிரக்கணக்கான அமெரிக்கப் பிள்ளைகளின் நேர்மையைப் பல விதமாகச் சோதித்தார்கள். ஓரிடத்தில் ஏமாற்றும் பிள்ளை இன்னோரிடத்திலும் ஏமாற்றும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சூழலைப் பொறுத்து நடத்தை மாறியது. அன்ட்ரூ புறூக்ஸ் 2003இல் இந்த வகை ஆதாரங்களை வைத்துத்தான் "முகாம் குணத்தைக் கட்டுகிறது" என்ற நம்பிக்கையையே கேள்விக்குள்ளாக்கினார். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பயன்பட்ட வாசிப்பு இதுதான். கடற்கரையில் உதவி செய்த பிள்ளை வகுப்பறையிலும் உதவும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, போய்ப் பார்க்க வேண்டும் என்பதை இது மண்டையில் ஏற்றிவிடும்.

படி 2: முகாமுக்கு முன்னரே இங்கே இருந்தவற்றைப் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் நேரே சாரணர் முகாமைத் தேடிப் போவார்கள். அது தப்பில்லை. ஆனால் திருகோணமலையில் பிள்ளைகளை வெளியில் வைத்து வளர்க்கும் பழக்கங்கள் அதைவிடப் பழையவை. இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று கரைவலை. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் பருவகாலத்தில் ஒரு காலை நேரத்தை ஒதுக்கி முழுவதையும் பாருங்கள். கயிற்றின் ஒரு நுனி கரையில் நிற்கும். தோணி மறு நுனியோடு அரைவட்டமாகப் போய் வலையை விட்டுக்கொண்டே தூரத்தில் கரையேறும். பிறகு இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்று இழுப்பார்கள். வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நகரும். நடுவில் மடி, அதாவது மீன் சேரும் வலைப்பை. ஒரு பக்கம் அவசரப்பட்டால் வலை சரிந்து மீன் தப்பிவிடும். புதிதாக வந்த பொடியன் தன் பலத்தைக் காட்ட முழு மூச்சாக இழுப்பான். பக்கத்தில் நிற்பவர் அவனைப் பார்க்காமலே, "அங்கால பார்" என்பார். அவ்வளவுதான் பாடம். சில கிழமைகளில் அந்தப் பொடியனுடைய கண் தன் கையில் இல்லாமல் எதிர்ப்பக்கக் கூட்டத்தில் நிற்பதைக் காணலாம். உழவு இயந்திரத்தை வைத்து இழுக்கும் இடங்களில் நிலைமை வேறு. அந்த வேறுபாடே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு.

இப்போது கோல்பின் இரண்டாவது படிக்கு வருவோம். முகாமில் இரவு நெருப்பைச் சுற்றி இருந்து, "இன்று என்ன கற்றீர்கள்?" என்று கேட்பார்கள். கரைவலையில் அப்படி ஒரு இருக்கை கிடையாது. திரும்பிப் பார்ப்பது ஏச்சிலும் பகிடியிலும், வாடியில், அதாவது மீனவர்களின் கரையோரக் கொட்டிலில், பிளேன்ரீ குடிக்கும்போது "நீ விட்ட கயிறு" என்று இழுக்கும் கதையிலும் நடக்கிறது. வட்டமாக இருந்து பேசுவதை மட்டும் தேடினால், இங்கே சிந்திப்பதே இல்லை என்று தவறாக எழுதிவிடுவீர்கள். பெரியவர்களுக்கு முன்னால் பிள்ளை வாய் திறக்காமல் இருப்பது இங்கே மரியாதை. அதைச் சிந்தனைக் குறைவாகக் கணக்கெடுத்தால் ஆய்வு அந்த இடத்திலேயே பிழையாகிவிடும்.

மற்றது கதிர்காமப் பாத யாத்திரை. செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக இறங்கி, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு கடந்து, குமண, யால காடுகளூடாகக் கதிர்காமம் போகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேலான நடை. சிறு கூட்டம், குறைந்த சாமான், கோயில் முற்றத்தில் உறக்கம், ஊரார் தரும் சாப்பாடு, கடைசியில் காடு. வெளியிலிருந்து பார்த்தால் அவுட்வர்ட் பவுண்டின் நெடும்பயணத்துக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் அங்கே பயணம் முடித்த இளைஞன் "என்னால் முடியும்" என்று சொன்னால் வெற்றி. இங்கே நேர்த்தி வைத்து நடந்தவர், "முருகன் கூட்டிக்கொண்டு போனார்" என்பார். தன்னம்பிக்கையை அளக்கும் வினாக்கொத்தை இவரிடம் நீட்டினால் குறைந்த புள்ளிதான் வரும். அவருக்குள் நடந்த மாற்றம் உங்கள் கையில் அகப்படவே அகப்படாது. பண்பாடுகளுக்கிடையில் ஒப்பிட நினைக்கும் எவரும் இந்த ஒரு உதாரணத்தை நன்றாக யோசிக்க வேண்டும்.

படி 3: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"வெளிக்களக் கல்வி மாணவரின் ஆளுமையை வளர்க்கிறதா?" என்பது ஆயுட்கால வேலை. "மூன்று நாள் முகாமுக்குப் போன தரம் 9 மாணவர்கள், மூன்று மாதத்துக்குப் பிறகு, யாரும் சொல்லாமலே வகுப்பறை வேலையைப் பகிர்கிறார்களா?" என்பது செய்யக்கூடியது.

கேள்விக்குள் போடும் குணத்தை எங்கிருந்து எடுப்பது? பீற்றர்சன், செலிக்மன் என்ற உளவியலாளர் இருவரும் 2004இல் தொகுத்த 24 குணநலன்களின் பட்டியல் எளிதில் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். முதலில் ஊரில் கேளுங்கள். "உங்களுக்குத் தெரிந்த ஒரு நல்ல பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளை என்ன செய்யும்?" என்ற ஒரே கேள்வியைத் தாய்மார், ஆசிரியர்கள், மீனவர்கள், விவசாயிகள், பிள்ளைகள் என்று பலரிடம் கேட்டுச் செயல்களை மட்டும் குறியுங்கள். தம்பலகாமத்து வயலில் வரும் பதிலும் மூதூர்க் கடற்கரையில் வரும் பதிலும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். அதற்குப் பிறகு அந்த 24ஐ எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

படி 4: அனுமதிகள்

இதில் அவசரம் உதவாது. பல்கலைக்கழக மாணவர் என்றால் மேற்பார்வையாளரின் கடிதமும் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் முதலில். நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் படிப்பவர்கள் அங்கேயே தொடங்கலாம். பாடசாலைக்குள் போக வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும், பிறகு அதிபரின் சம்மதமும் வேண்டும். அதிபரின் சம்மதத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெற்றோரின் கையொப்பம் தனி. பிள்ளையின் சொந்த விருப்பம் அதைவிடத் தனி. "சேர் சொல்லிட்டார், அதனால வந்தேன்" என்று வரும் பிள்ளை சம்மதித்த பிள்ளை அல்ல. வேண்டாம் என்று சொல்லப் பழக்கமில்லாத பிள்ளைக்கு, சொல்லாமலே விலகிக்கொள்ள ஒரு வழி வையுங்கள்: தாளை வெறுமையாக மடித்துப் பெட்டியில் போடலாம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள்.

மீனவ ஊர்களில் முதலில் கூட்டுறவுச் சங்கத்தையோ வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரையோ பார்த்துப் பேசுங்கள். வலை கரைக்கு வரும் நேரத்தில் கேள்வி கேட்கக் கூடாது. மீன் விற்று முடியட்டும். கிண்ணியா, மூதூரில் வெள்ளி மதியம் ஜும்ஆ நேரம். கத்தோலிக்க மீனவர்கள் உள்ள ஊர்களில் ஞாயிறு காலை பூசை. வயதில் மூத்தவரை ஐயா என்றோ அண்ணை என்றோ, முஸ்லிம் ஊர்களில் காக்கா, நானா என்றோ அவர்களுடைய பழக்கப்படி கூப்பிட்டாலே பாதித் தயக்கம் போய்விடும்.

படி 5: பருவம், பாதுகாப்பு

வாடைக்காற்றும் மழையும் ஏறக்குறைய ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை கடலைக் கலக்கிவைக்கும். கடல் சார்ந்த வேலையை ஏப்ரலுக்கும் செப்ரெம்பருக்கும் இடையில் வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் வெயில் கடுமை; பிள்ளைகள் களைத்துச் சிடுசிடுப்பதைக் குணக்குறைவு என்று எழுதிவிடாதீர்கள், நேரத்தையும் வெயிலையும் சேர்த்தே குறியுங்கள். நோன்பு மாதம் ஒவ்வொரு ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னுக்கு நகரும், அட்டவணையில் பாருங்கள். சாதாரண தர, உயர் தரப் பரீட்சைக் காலத்தில் பாடசாலைப் பக்கமே போக வேண்டாம். புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்கள அனுமதிச்சீட்டு வேண்டும், முருகைக்கல்லில் மிதிக்கவும் கூடாது. துறைமுகத்தைச் சுற்றிக் கடற்படைப் பகுதிகள் உண்டு. படம் எடுக்க முன் கேளுங்கள். காட்டுப்பக்கம் யானை நடமாட்டத்தைக் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள்.

இன்னொரு விடயம், இது வேறு எந்தப் பாடநூலையும்விட இந்த ஊருக்குத் தேவையானது. 2004 டிசம்பர் 26 சுனாமியையும் நீண்ட யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கண்ட குடும்பங்கள் இவை. இன்றைய பாடசாலைப் பிள்ளைகள் சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள்தான், ஆனால் தாய்க்குக் கடல் வேறு கடல். "பிள்ளையைக் கடலுக்கு விடமாட்டேன்" என்று ஒரு தாய் சொன்னால் அதைத் துணிச்சல் குறைவு என்ற கட்டத்துக்குள் போடாதீர்கள். காட்டுக்குள் போகாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கும் காரணம் உண்டு. சவால் கொடுத்தால் குணம் வளரும் என்று சொல்லும் புத்தகங்கள் பெரும்பாலும் வசதியான, பாதுகாப்பான பிள்ளைகளை மனதில் வைத்தவை. ஏற்கெனவே வேண்டியதற்கு மேல் சவால் கண்ட குடும்பத்துப் பிள்ளைக்குக் கடற்கரையில் பயமில்லாமல் சிரித்து விளையாடுவதே பெரிய அனுபவமாக இருக்கலாம். அதையும் ஆய்வுக்குள் எடுங்கள்.

படி 6: குறிப்புப் புத்தகம்

"குழு நன்றாக ஒத்துழைத்தது" என்ற குறிப்பால் ஒரு பயனும் இல்லை. இப்படி எழுதிப் பழகுங்கள்: "காலை 10.40. தண்ணீர்ப் போத்தல் ஒன்று, பிள்ளைகள் எட்டுப் பேர். உயரமான பையன் முதலில் எடுத்தான், குடிக்கவில்லை, பக்கத்துச் சின்னவனிடம் கொடுத்தான். சுற்றி வந்து அவனிடம் சேரும்போது அடியில் கொஞ்சம்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ரீச்சர் கூடாரத்துக்கு மறுபக்கம்." இந்தக் குறிப்பில் எடை உள்ள வரி கடைசி வரி. யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எழுதாத குறிப்பை வைத்துக் குணத்தைப் பற்றிப் பேச முடியாது. ஹார்ட்ஷோர்ன், மே சொன்னது அதுதான். அன்று இரவே முழுக் குறிப்பையும் விரித்து எழுதுங்கள். மறுநாளைக்கு விட்டால் நீங்கள் கண்டதும் நினைத்ததும் கலந்துவிடும்.

படி 7: வினாக்கொத்து

வெளிநாட்டு வினாக்கொத்தைத் தமிழாக்கினால், மூலத்தைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பது 1970இல் பிறிஸ்லின் விளக்கிய முறை. அதோடு நிற்காமல் ஐந்தாறு பிள்ளைகளை இருத்தி, ஒவ்வொரு வரியையும் வாசித்து, "இது என்ன கேட்குது?" என்று சொல்லச் சொல்லுங்கள். "நான் ஒரு சிறந்த தலைவர்" என்ற வரிக்கு ஆமாம் போட நம் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள், தன்னைத் தானே புகழக் கூடாது என்று வளர்ந்தவர்கள். "வகுப்பில் ஒரு வேலை வந்தால் மற்றவர்கள் என்னிடம் வருவார்கள்" என்று மாற்றினால் பதில் மாறும்.

முகாமுக்குப் போன பிறகு புள்ளி குறைந்தாலும் பதற வேண்டாம். முன்பு தன் வகுப்புக்குள் தன்னை ஒப்பிட்ட பிள்ளை, இப்போது மாவட்டத்தின் கெட்டிக்காரர்களைக் கண்டுவிட்டு ஒப்பிடுகிறது. இதைப் பிரித்தறிய, முடிவில் "அப்போது எப்படி இருந்தீர்கள், இப்போது எப்படி?" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கும் முறை உதவும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: சேருக்குப் பிடித்த பதிலைப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். ஆகவே முகாமை நடத்தியவர் வினாக்கொத்தைக் கொடுக்கவே கூடாது.

முகாமுக்குப் பெயர் கொடுக்கும் பிள்ளைகள் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்கள்; பெயர் கொடுக்காதவர்களோடு அவர்களை ஒப்பிட்டால் சரிவராது. பெயர் கொடுத்தவர்களையே சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இப்போதும் மறுபாதியை மூன்று மாதம் கழித்தும் அனுப்ப அதிபர் ஒத்துக்கொண்டால், காத்திருக்கும் பாதி உங்கள் ஒப்பீட்டுக் குழு. யாருக்கும் வாய்ப்பும் இழப்பில்லை. ஒரே முகாமில் 30 பேர் இருந்தாலும் உங்களிடம் இருப்பது ஒரு முகாம்தான் என்பதையும் எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்.

முகாம் முடிந்த கிழமை எல்லோரும் மிதந்துகொண்டிருப்பார்கள், அந்த அளவீட்டை அதிகம் நம்ப வேண்டாம். மூன்று மாதம் முடியும்போது, இரண்டாவது பாதி புறப்படும் முன், திரும்பப் போங்கள். தாயிடம் "பிள்ளை மாறிவிட்டானா?" என்று கேட்டால் நல்ல வார்த்தைதான் வரும். "போன கிழமை வீட்டில் தண்ணீர் அள்ளியது யார்? தங்கச்சியை ரியூசனுக்குக் கூட்டிப்போனது யார்?" என்று கேளுங்கள்.

படி 8: ஒப்பிடும்போது

திருகோணமலையில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரு மணி நேர பஸ் தூரத்துக்குள் இருக்கிறார்கள். பண்பாடுகளுக்கிடையிலான ஆய்வுக்கு நோர்வேக்குப் போக வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் இந்த இடத்தில் மிகக் கவனம். மூன்று இனத்துப் பிள்ளைகளின் புள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஓர் அட்டவணை வெளியிட்டீர்கள் என்றால், மறுநாள் அது யாருக்குக் குணம் கூட என்ற பேச்சாகிவிடும். அப்படி ஓர் அட்டவணையை இந்த மண்ணில் யாரும் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முறைப்படியும் அது நிற்காது: ஒரே வரியை மூன்று குழுவும் ஒரே விதமாக விளங்கிக்கொள்கின்றன என்று புள்ளிவிபரத்தால் காட்டாமல் சராசரிகளை ஒப்பிட முடியாது. தொழிலையும் நிலத்தையும் வைத்துப் பாருங்கள். கடல் ஊர், வயல் ஊர், நகரம். அங்கே மூன்று இனத்தவரும் ஒரே வேலையில் ஒரே விதமாகப் பழகுவதையும் காண்பீர்கள். புள்ளியைவிட வழிமுறையை ஒப்பிடுங்கள்: தவறை யார் திருத்துகிறார்கள், எப்படித் திருத்துகிறார்கள், பிள்ளை எப்போது பொறுப்பைக் கையில் எடுக்கிறது. அபர்டோவிப் பயிற்சியையும் நிலாவெளி வலையையும் அருகருகே வைத்துப் பேசக்கூடிய இடம் அதுதான்.

படி 9: திருப்பிக் கொடுங்கள்

ஆய்வேடு நூலகத்துக்குப் போய்விடும். ஊருக்கு இரண்டு பக்கத்தில் தமிழிலும் தேவையான இடத்தில் சிங்களத்திலும் ஒரு சுருக்கம் எழுதுங்கள். பெயர், ஊர், வயது, அடையாளம் காட்டும் சிறு விபரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சின்ன ஊரில் "படகோட்டும் ஒரே பெண் பிள்ளை" என்று எழுதினாலே பெயர் எழுதியது மாதிரி. பாடசாலையில் ஒருமுறையும் வாடியில் ஒருமுறையும் வாசித்துக் காட்டி, "இது பிழை" என்று அவர்கள் சொல்வதை இறுதிப் பிரதி கொடுக்கும் முன் சேருங்கள். அதற்காக ஒப்படைக்கும் திகதிக்கு முன்னால் குறைந்தது மூன்று கிழமை ஒதுக்கி வையுங்கள்.